கம்ப்யூட்டர் ஜக்கரிய்யாவின் சங்குக் கொடி

சிவனாண்டிக்கும் ஜக்கரிய்யாவுக்கும் முதல் அறிமுகமே கோபத்தில்தான் ஆரம்பித்தது. கோபம் சிவனாண்டியுடையது.

1948 தை மாதம். சாத்தான்குளத்துக்கு மேற்கே பனங்காட்டுக்குள் ஒளிந்து கிடக்கும் ஒரு சிற்றூரிலிருந்து வந்தவன் சிவனாண்டி. பெயருக்குப் பின்னால் பி.ஏ. என்று போட்டுக்கொண்ட முதல் ஆள் அந்த ஊரில் அவன்தான். தபால்காரர்கூட அவன் பெயரை முழுதாக வாசித்து, கடைசி இரண்டு எழுத்துக்கு ஒரு நிமிஷம் நிறுத்தித்தான் கடிதத்தைக் கொடுப்பார். தூத்துக்குடித் துறைமுகத்தில் கடலின் ஆழத்தை அளந்து வரைபடம் போட ஒரு தற்காலிக ஆபீஸ் திறந்திருந்தார்கள். அதில் அவனுக்கு வேலை. சேர்ந்த மூன்றாம் நாள், அளவைப் படகில் வரும் ஆழப் புத்தகங்களை வாங்கி வரும்படி படகுத்துறைக்கு அனுப்பினார்கள்.

புத்தகக் கட்டைத் தோளில் போட்டுக்கொண்டு ஒருவர் முன்னால் போய்க்கொண்டிருந்தார். முப்பது வயதுக்கு மேல் இருக்கும். அகன்ற முதுகு, உப்புப் பூத்த தொப்பி. சிவனாண்டி கூப்பிட்டான். அவர் திரும்பவில்லை. பலமாகக் கூப்பிட்டான். படகுத்துறையில் நின்ற பத்துப் பேர் திரும்பினார்கள், அவர் மட்டும் திரும்பவில்லை. பி.ஏ. படித்தவன் தொண்டை கிழியக் கூப்பிடுகிறான், இவருக்கு அவ்வளவு இளக்காரமா என்று ஓடிப்போய்த் தோளைப் பிடித்து நிறுத்தினான்.

அவர் அவன் முகத்தை ஒரு கணம் பார்த்தார். பிறகு சிரித்தார்.

"கோவப்படாதீங்கோ தம்பி. காது ரெண்டையும் கடலுக்குக் கொடுத்தாச்சு. முன்னால வந்து நின்னு பேசுங்கோ, உதட்டைப் பார்த்துப் புரிஞ்சுக்கிடுவேன்."

சிவனாண்டி புத்தகக் கட்டில் பாதியைத் தன் தோளில் வாங்கிக்கொண்டான். அன்றைக்குத் தொடங்கிய பழக்கம்.

ஜக்கரிய்யா காயல்பட்டினத்துக்காரர். அந்த ஊர் வழக்கப்படி, அண்ணன் என்ற பொருளில், சிவனாண்டி அவரைக் காக்கா என்று கூப்பிடுவான். கப்பலோட்டிய குடும்பம்தான். பாட்டனார் காலத்தில் இருந்த கப்பல் வாப்பா காலத்தில் தோணியாகி, அவர் காலத்தில் அதுவும் இல்லாமல் போனது. பதினைந்து வயதில் சங்கு குளிக்க இறங்கினார். காலில் கல்லைக் கட்டிக்கொண்டு ஏழு பாகம், எட்டுப் பாகம், அதாவது நாற்பது ஐம்பது அடி ஆழத்துக்குப் போய், மூச்சுத் தாங்கும்வரை சங்கு பொறுக்கிவிட்டு, கயிற்றை ஒரு சுண்டு சுண்டுவார். மேலே வள்ளத்தில் கயிறு பிடிப்பவன் பதிலுக்கு ஒரு சுண்டு சுண்டிவிட்டு இழுப்பான். பன்னிரண்டு வருஷம் அப்படி. ஒரு மாசி மாதம் ஒன்பது பாகத்தில் இடது காதில் ஊசி குத்தியது போல ஒரு வலி. மேலே வந்தபோது கழுத்தெல்லாம் ரத்தம். அடுத்த வருஷம் வலது காது. இனி ஒரு தடவை முங்கினால் காதோடு நிற்காது, மவுத்துதான் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அவர் மனைவி முத்து பீவி அன்று மாலையே குளிகயிற்றை எடுத்துப் போய்க் கொல்லையில் துணி காயப்போடக் கட்டிவிட்டாள்.

அளவைப் படகில் அவருக்கு வேலை கிடைத்தது விரல்களால்தான். ஆழம் பார்க்கும் ஈயக்குண்டைக் கயிற்றில் கட்டி இறக்கும்போது, குண்டு தரையைத் தொடும் அந்தச் சின்ன அசைவை மேலே இருந்து கையால் உணர வேண்டும். மணலா, சேறா, பாறையா என்றுகூட ஜக்கரிய்யா சொல்லிவிடுவார். ஆனால் அந்த வேலை சித்திரை வரைதான். கச்சான் காற்று எழும்பிவிட்டால் படகு கரையேறிவிடும். அதற்குப் பிறகு? வீட்டில் மூன்று பிள்ளைகள். கையில் தெரிந்த தொழில் ஒன்றே ஒன்று. அதைச் செய்தால் உயிர் போகும். கொல்லைக் கயிற்றை அவர் சில சமயம் பார்த்துக்கொண்டே நிற்பதை முத்து பீவி கவனித்திருந்தாள். அதை அவள் காலியாக விடுவதேயில்லை. ஒன்று எடுத்தால் இன்னொன்று போட்டுவிடுவாள்.

ஆபீசில் மூன்று நாற்காலி, மூன்று கணக்கு மிஷின். அந்த நாற்காலியில் உட்காருகிற ஆளுக்குக் கம்ப்யூட்டர் என்று பெயர். மிஷினுக்கு அல்ல, ஆளுக்கு. ஹெட் கம்ப்யூட்டர் ஞானையா. பதினெட்டு வருஷ அனுபவம், மூக்குக்கண்ணாடிக்கு மேலாகத்தான் மனிதர்களைப் பார்ப்பார். இரண்டாவது நாற்காலி சிவனாண்டிக்கு. மூன்றாவது காலி. கடலைச் சிறு சிறு கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்திலும் இருபது முப்பது இடத்தில் ஆழம் பார்ப்பார்கள். அவற்றைக் கூட்டி, இடங்களின் எண்ணிக்கையால் வகுத்தால் அந்தக் கட்டத்தின் சராசரி ஆழம். ஆயிரக்கணக்கான கட்டங்கள். கம்ப்யூட்டர்களின் வேலை நாள் முழுக்க வகுப்பது.

புத்தகத்தைக் கொடுத்துவிட்டு ஜக்கரிய்யா உடனே போகமாட்டார். வாசலில் சாய்ந்துகொண்டு ஞானையாவின் கைகளையே பார்ப்பார். காது போனவருக்குக் கண்தான் காது. வலது கை, கைப்பிடியை முன்பக்கமாக நாலைந்து சுற்றுச் சுற்றும். திடீரென்று நிற்கும். பின்பக்கமாக ஒரே ஒரு சுற்று. இடது கட்டைவிரல் ஒரு சின்ன நெம்புகோலை அழுத்தும். எண்கள் இருக்கும் வண்டி ஓர் இடம் நகரும். மறுபடி முன்பக்கச் சுற்று. நாலு நாளில் அவருக்கு எல்லாம் மனப்பாடம். ஒன்றுதான் பிடிபடவில்லை: எப்போது நிறுத்த வேண்டும் என்று ஞானையாவுக்கு யார் சொல்கிறார்கள்? அவர் மிஷினைக்கூடப் பார்ப்பதில்லையே, கண் ஆழப் புத்தகத்தில் அல்லவா இருக்கிறது?

மதியச் சாப்பாட்டு வேளையில் சிவனாண்டியிடம் கேட்டார். சிவனாண்டி ஒரு தாளில் எழுதிக் காட்டினான். 1118 அடியை 26 இடங்களால் வகுக்க வேண்டும். இந்த மிஷினுக்கு வகுத்தல் தெரியாது, கழித்தல்தான் தெரியும். முதலில் பத்துகளின் இடத்தில், அதாவது 260 வீதம் கழிக்க வேண்டும். ஒரு சுற்றுக்கு ஒரு கழித்தல். நாலு சுற்றில் 78 மிஞ்சும். ஐந்தாவது சுற்றும் சுற்றினால், இல்லாததிலிருந்து கழித்தாகிவிட்டது. எண் வரிசை முழுக்க ஒன்பது ஒன்பதாகப் புரண்டு, மிஷினுக்குள் ஒரு மணி அடிக்கும். மணி அடித்தால் ஒரு சுற்றுப் பின்னால் சுற்றி, எடுத்ததைத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். வண்டியை ஓர் இடம் நகர்த்திவிட்டு, இப்போது 26 வீதம் கழிக்க வேண்டும். மூன்று சுற்று. நாலாவதில் மணி. முன்னே நாலு, பின்னே மூன்று: விடை 43.

ஜக்கரிய்யா தாளை வெகுநேரம் பார்த்தார். "அப்போ மணிதான் கயிறு," என்றார். "சுண்டினா ஒரு வழி. சுண்டலைன்னா இன்னொரு வழி."

அன்று இரவு அவர் முத்து பீவியிடம் அந்த மூன்றாவது நாற்காலியைப் பற்றிச் சொன்னார். வரைபட வேலை முடிந்தாலும் துறைமுகத்தில் நிரந்தரமாக வைத்துக்கொள்ளும் இடம் அது. அந்த வேலைக்குப் பெயர் கம்ப்யூட்டர்.

"கம்பவுண்டரா?" என்றாள் அவள், உதட்டை நன்றாக அசைத்து. "மருந்து கலக்குற வேலையா? உங்களுக்கு என்ன தெரியும், யாருக்காவது எதையாவது குடிக்கக் கொடுத்துரப் போறீங்கோ."

விளக்கி முடிப்பதற்குள் அவருக்கு வேர்த்துவிட்டது. முடிவில் அவள் ஒன்றே ஒன்று கேட்டாள்: அதற்குக் கடலில் இறங்க வேண்டுமா? வேண்டாம் என்றார். அப்படியானால் அது எந்த வேலையாக இருந்தாலும் சரி என்றாள்.

அந்த நாற்காலியை ஜக்கரிய்யாவுக்குக் கேட்டு, ஆபீஸை நடத்தும் என்ஜினீயரிடம் சிவனாண்டி போய்ப் பேசினான். கேட்டுக்கொண்டிருந்த ஞானையா கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். ஜக்கரிய்யா ஐந்தாம் வகுப்பு வரைதான் படித்தவர் என்பது அவருக்கு ஒரு குறையில்லை, எண் எழுதத் தெரிந்தால் போதும். ஆனால் காது? மணி கேட்காதவன் இந்த மிஷினைச் சுற்றுவது கண் தெரியாதவன் வண்டி ஓட்டுவது மாதிரி என்றார். தப்பான ஆழம் படத்தில் ஏறினால் நாளைக்கு ஒரு கப்பல் தரை தட்டும்; அதற்குக் கையெழுத்துப் போட்டவன் நான் என்றார். அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. என்ஜினீயர் கடைசியில் ஒரு வழி சொன்னார். பங்குனி மூன்றாம் வாரம் முந்நூறு கட்டங்களை ஞானையாவும் போடட்டும், ஜக்கரிய்யாவும் தனியாகப் போடட்டும். ஜக்கரிய்யாவின் தாளில் பத்துத் தப்புக்கு உள்ளே இருந்தால் நாற்காலி அவருக்கு. பத்துக்கு மேல் போனால் அந்தப் பேச்சை யாரும் மறுபடி எடுக்கக் கூடாது.

பழகுவதற்குக் கிடைத்தது பத்து நாள்.

முதலில் ஒன்பதுகளைப் பார்த்தே செய்துவிடலாம் என்று நினைத்தார். ஒவ்வொரு சுற்றுக்கும் நிறுத்தி நிறுத்தி வரிசையைப் பார்த்ததில் ஒரு கணக்குக்கு ஐந்து நிமிஷம் ஆனது. உண்மையாகவே ஒன்பது வரும் எண்கள் வேறு ஏமாற்றின. பிறகு இடது கையை மிஷினின் பின்பக்கத் தகட்டில் வைத்துப் பார்த்தார். உள்ளே மணி அடித்தால் விரலில் ஒரு துடிப்பு. ஈயக்குண்டு தரை தொடுவதை உணர்ந்த விரலுக்கு இது எம்மாத்திரம்? ஒருநாள் காலை முழுவதும் பிசகாமல் போட்டார். சிவனாண்டி துள்ளாத குறைதான்.

மத்தியானம் இரண்டு மணிக்குப் பக்கத்துக் கட்டிடத்தில் பஞ்சு அழுத்தும் பிரஸ் ஓடத் தொடங்கியது. மேஜை நடுங்கியது, மிஷின் நடுங்கியது, தகடு நடுங்கியது. விரலுக்கு எல்லாமே மணியாகத் தெரிந்தது. ஜக்கரிய்யா கையை எடுத்துவிட்டார்.

பிறகு சிவனாண்டியைக் கூப்பிட்டு, பின் தகட்டைக் கழற்றச் சொன்னார். உள்ளே மணியையும் அதை அடிக்கும் குட்டிச் சுத்தியலையும் வெகுநேரம் பார்த்தார். கைப்பிடியை மெல்லச் சுற்றிச் சுத்தியல் எப்படி எழும்புகிறது, எப்படி விழுகிறது என்று பார்த்தார். "இது ஒரு தட்டு தட்டிட்டுப் படுத்துக்கிடுது தம்பி. அந்த நேரம் கேட்டவன் பிழைச்சான். கேக்காதவனுக்கு மறுபடி சொல்லாது. தட்டினதைச் சொல்லிக்கிட்டே நிக்கிற மாதிரி ஒண்ணு வேணும்."

மறுநாள் காலை ஒரு பனை ஈர்க்கும், பிஸ்கட் டப்பாவில் வெட்டிய தகரமும் கொண்டுவந்தார். ஈர்க்கின் அடியை மிஷினின் முதுகில் கட்டி, அதை வில் மாதிரி வளைத்து, தகரக் கொக்கியில் மாட்டினார். சுத்தியல் எழும்பும்போது கொக்கியைத் தட்டும். கொக்கி நழுவும். வளைந்து கிடந்த ஈர்க்கு விசுக்கென்று நிமிர்ந்து மிஷினுக்கு மேலே எழுந்து நிற்கும். யாராவது விரலால் அழுத்தி மறுபடி மாட்டும்வரை நின்றுகொண்டே இருக்கும். கண்ணுக்குத் தெரியட்டும் என்று நுனியில் அளவை மிதவையில் கட்டும் சிவப்புத் துணியில் ஒரு துண்டு கிழித்துக் கட்டியிருந்தார்.

ஞானையா எழுந்தே வந்துவிட்டார்.

"ஏவே, செங்கொடியா? அங்கன யூனியன்காரனையெல்லாம் பிடிச்சு உள்ள போட்டுக்கிட்டு இருக்கான். சர்க்கார் மிஷின்ல செங்கொடி ஏறுதுன்னு எவனாவது மொட்டைக் கடுதாசி போட்டான்னா, எனக்குல்லா சீட்டு கிழியும்?"

மஞ்சள் கட்டலாம் என்றான் சிவனாண்டி. துறைமுகத்தில் மஞ்சள் கொடி ஏறினால் கப்பலில் தொற்று நோய் என்று அர்த்தம், எவனும் ஆபீசுக்குள் கால் வைக்கமாட்டான் என்றார் ஞானையா. அப்படியானால் வெள்ளை?

"வெள்ளைக் கொடி வேண்டாம்," என்றார் ஜக்கரிய்யா. "நான் இன்னும் தோக்கலையே."

ஞானையாவுக்கே சிரிப்பு வந்துவிட்டது. கடைசியில் துணியே இல்லாமல் போனது. உடைந்த சங்கு ஒன்றை உரசிக் கால்ரூபாய் அகலத்துக்கு ஒரு சில்லு எடுத்து ஈர்க்கின் நுனியில் ஒட்டினார். அது வெள்ளைதான், ஆனால் கொடியில்லை, சங்கு. இருந்தாலும் ஆபீசில் எல்லோரும் அதைக் கொடி என்றே சொன்னார்கள்.

கொடி ஏறினால் பின்னால் ஒரு சுற்று. ஏறாவிட்டால் முன்னால் இன்னொரு சுற்று. பஞ்சு பிரஸ் ஓடட்டும், இடி இடிக்கட்டும், அவருக்கு ஒன்றுமில்லை. ஒரே நாளில் எழுபது கட்டம் போட்டுத் தாளை ஞானையாவின் மேஜையில் வைத்தார். முழு அடிக் கணக்கு மட்டும் போதும், வகுத்து மிஞ்சுவதைப் பார்க்க வேண்டாம் என்று சொல்லியிருந்ததால் விடைகள் மட்டும் வரிசையாக இருந்தன.

ஞானையா தாளை மேலிருந்து கீழே பார்த்தார். பிறகு கீழிருந்து மேலே. சிவனாண்டியைப் பார்த்துக் கேட்டார்:

"கடலுக்கு அடியில எவனோ படி கட்டி வச்சிருக்கானாவே? நாப்பது, முப்பது, நாப்பது, அம்பது. இடையில ஒரு அடி ஏறவும் இல்ல, இறங்கவும் இல்ல. தெப்பக்குளம் மாதிரில்லா இருக்கு?"

உண்மைதான். எழுபது விடையும் பூஜ்யத்தில் முடிந்தன. சிவனாண்டிக்கு முகம் செத்துப்போனது. ஞானையா தாளை மடித்துத் திருப்பிக் கொடுத்தார், திட்டவில்லை. அது இன்னும் மோசமாக இருந்தது. பரீட்சைக்கு மூன்று நாள்.

ஜக்கரிய்யா தாளை வாங்கிக்கொண்டு முதல் கட்டத்தில் விரல் வைத்தார். அந்த இடம் அவருக்குத் தெரியும். முயல் தீவுக்கு வெளியே, பழைய சங்குப் பார், சங்கு விளையும் கடலடித் தரை. எத்தனையோ தடவை அவர் கால் ஊன்றிய இடம். "இது நாப்பது அடி இல்ல," என்றார் மெதுவாக. "ஏழு பாகம். அதுக்கு மேல ஒரு முழம் இருக்கும். என் காதுக்குத் தெரியும்." ஏழு பாகம் என்றால் நாற்பத்திரண்டு அடி. சிவனாண்டி கையால் வகுத்துப் பார்த்தான். 43 வந்தது. தாளில் இருந்தது 40.

மிஷின் பொய் சொல்லாது, கொடியும் ஏறத்தான் செய்தது. அப்படியானால் பிசகு எங்கே? சிவனாண்டி எதிரே உட்கார்ந்துகொண்டு, அவர் கையைப் பார்த்தபடி, அதே கணக்கை மெல்லப் போடச் சொன்னான். நாலு சுற்று. ஐந்தாவதில் கொடி ஏறியது. ஜக்கரிய்யாவின் இடது கை உடனே போய் அதை அழுத்தி மாட்டியது. பிறகு பின்னால் ஒரு சுற்று. ஒன்பதுகள் எல்லாம் மறுபடி பூஜ்யமாகப் புரண்டன; அந்தப் புரளலில் சுத்தியல் இன்னொரு தடவை எழும்பியது. கொடி இரண்டாம் முறையும் ஏறியது. ஜக்கரிய்யா அதைத் திரும்பியும் பார்க்கவில்லை. வண்டியை நகர்த்தி, முதல் சுற்றைச் சுற்றிவிட்டுத் தலை நிமிர்ந்தார். கொடி நின்றுகொண்டிருந்தது. உடனே அழுத்தி மாட்டி, பின்னால் சுற்றி, ஒன்றுமில்லை என்று பூஜ்யத்தை எழுதினார்.

"நிறுத்துங்க காக்கா," என்று சிவனாண்டி கையைப் பிடித்தான். "ரெண்டாம் தடவை ஏறினப்ப ஏன் இறக்கலை?"

ஜக்கரிய்யா அவனை வினோதமாகப் பார்த்தார். "ரெண்டாம் தடவையா? சுண்டுனா உடனே பதில் சுண்டு கொடுக்கணும், அது முறை. பதில் கொடுத்துட்டு இழுக்க ஆரம்பிச்சப்புறம் கயிறு ஆடுனா அதைக் கணக்குல எடுக்கக் கூடாது தம்பி. ஆள் ஏறி வாரான்னா கயிறு ஆடத்தான் செய்யும்."

சொல்லிக்கொண்டே வந்தவர் பாதியில் நின்றுவிட்டார். அவருக்கே புரிந்துவிட்டது. வள்ளத்தில் சரியான முறை மிஷினில் தப்பாகிவிட்டது. பழைய ஆட்டத்தின் கொடியைப் புது ஆட்டத்தின் கொடி என்று நினைத்திருக்கிறார். மணி வைத்துச் சுற்றுகிறவர்களுக்கு இந்தச் சங்கடமே கிடையாது. இரண்டாவது மணியும் அடித்து ஓய்ந்துபோகும். நிற்கிற கொடிக்கு நிற்பதாலேயே ஒரு ஆபத்து. இறக்காமல் விட்டால் நேற்றைய சேதியை இன்றைய சேதியாகச் சொல்லும்.

"கல்லைக் கட்டி ஆளை மறுபடி இறக்குறதுக்கு முன்னால கயிறு பிடிக்கிறவன் என்ன செய்வான் தெரியுமா? கயிறு முழுசையும் தொய்ய விடுவான். முறுக்கு, இழுப்பு ஒண்ணும் மிச்சம் இருக்கக் கூடாது. அதுக்குப் பிறகுதான் ஆள் முங்கணும். அதை நான் இங்க செய்யலை."

அப்படியானால் வண்டியை நகர்த்துமுன் ஒவ்வொரு தடவையும் மறக்காமல் இறக்கிவிடுங்கள் என்றான் சிவனாண்டி. ஜக்கரிய்யா தலையை ஆட்டினார். முந்நூறு கட்டம், கட்டத்துக்கு இரண்டு நகர்த்தல், போக ஒன்று, திரும்ப ஒன்று. அறுநூறு தடவை ஒரு மனிதன் மறக்காமல் இருப்பானா? வள்ளத்திலேயே மறந்தவர்கள் உண்டு. அதனால் செத்தவர்களும் உண்டு.

அவர் சட்டைப் பையிலிருந்து தூண்டில் நூலை எடுத்தார். ஒரு முனையை ஈர்க்கில் கட்டினார். இன்னொரு முனையை வண்டி நகர்த்தும் நெம்புகோலில் கட்டினார். கட்டைவிரல் நெம்புகோலை அழுத்தியது. வண்டி ஓர் இடம் நகர்ந்தது. அதே அழுத்தலில் நூல் இழுபட்டு, கொடி தானாகக் குனிந்து கொக்கியில் மாட்டிக்கொண்டது. இனி அவர் கொடியைத் தொடவே வேண்டாம். புது இடத்துக்குப் போனாலே பழைய கொடி இறங்கிவிடும்.

சிவனாண்டி நாலு தரம் அழுத்திப் பார்த்தான், ஐந்தாம் தரமும் பார்த்தான். கல்லூரியில் மூன்று வருஷம் கணிதம் படித்த தனக்கு இது தோன்றவில்லையே என்று அவனுக்குக் கொஞ்சம் வெட்கமாகவும், இப்படி ஒரு ஆளைத் தோளைப் பிடித்து நிறுத்தினோமே என்று பெருமையாகவும் இருந்தது. ஒரு பெரிய தாளை எடுத்துத் தமிழில் எழுதி மிஷினுக்கு எதிரே சுவரில் ஒட்டினான்:

கொடி படுத்திருந்தால் இன்னொரு சுற்று.
கொடி நின்றால் ஒரு சுற்றுப் பின்னால், பிறகு வண்டியை நகர்த்து.
நகர்த்த இடமில்லையென்றால் விடையை எழுது.

அவ்வளவுதான். இதில் வகுத்தல் எங்கே இருக்கிறது என்று கேட்டால் யாராலும் காட்ட முடியாது. கணக்கை மிஷின் பார்த்துக்கொள்ளும். எந்த வரிக்குப் போவது என்பதைச் சங்குச் சில்லு சொல்லிவிடும்.

பங்குனி மூன்றாம் வாரம் திங்கட்கிழமை பரீட்சை தொடங்கியது. அறையின் இரண்டு மூலையில் இரண்டு பேர். ஞானையா எப்போதும் போல வேகம். கண் ஏட்டில், காது மணியில். ஜக்கரிய்யாவுக்கு அந்த வேகம் இல்லை. ஆனால் நின்று யோசிக்கிற வழக்கமும் இல்லை. சுற்று, பார், சுற்று, பார். மத்தியானம் பஞ்சு பிரஸ் ஓடியது. செவ்வாய்க்கிழமை துறைமுகத்தில் ஒரு கப்பல் வந்து ஊதிக்கொண்டே நின்றது. ஞானையா இரண்டு முறை எழுந்துபோய் ஜன்னலைச் சாத்தினார். ஜக்கரிய்யா ஜன்னல் பக்கம் திரும்பவேயில்லை. புதன்கிழமை காலை நூல் அறுந்தது. வேறு நூல் கட்டி, அறுந்த நேரத்துக் கட்டத்தை முதலிலிருந்து போட்டார். வியாழக்கிழமை நாலு மணிக்கு முந்நூறாவது விடையை எழுதிவிட்டு, பேனாவை மூடி, "பிஸ்மி சொல்லித்தான் ஆரம்பிச்சேன்," என்று சிவனாண்டியிடம் சொன்னார். "இனி அவன் பாடு."

முத்து பீவி அந்த வாரம் முழுவதும் கொல்லைக் கயிற்றில் ஒரு கம்பளியை நனைத்துக் காயப்போட்டிருந்தாள். பங்குனி வெயிலில் எதற்குக் கம்பளி என்று கேட்ட பக்கத்து வீட்டுக்காரியிடம், பாரம் இருந்தால்தான் கயிறு இருந்த இடத்தில் இருக்கும் என்றாளாம்.

வெள்ளிக்கிழமை காலையில் என்ஜினீயர் முன்னால் இரண்டு தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துச் சிவனாண்டி வாசித்தான். முந்நூறில் பதினொன்று ஒத்துப்போகவில்லை. பத்துக்கு மேல் போய்விட்டதே. ஞானையா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அந்தப் பதினொன்றையும் தாளில் கையால் வகுத்து, யாருடையது தப்பு என்று காட்டும்படி என்ஜினீயர் சொன்னார்.

சிவனாண்டி வகுக்க வகுக்க ஜக்கரிய்யா அவன் பேனா முனையையே பார்த்துக்கொண்டிருந்தார். முதலாவது: ஜக்கரிய்யா சரி. இரண்டாவது: ஜக்கரிய்யா சரி. மூன்றாவதில் அவர் தப்பு. கொடியில் பிசகில்லை, 36 என்று எழுத வேண்டியதை 39 என்று எழுதியிருந்தார். நாலு, ஐந்து, ஆறு... எட்டாவதில் இன்னொரு கைப்பிழை. முடிவில் ஜக்கரிய்யாவுக்கு இரண்டு, ஞானையாவுக்கு ஒன்பது.

சிவனாண்டி அதோடு நிறுத்தவில்லை. ஒன்பது தப்பும் எந்தெந்தக் கட்டம், எந்த நேரம் என்று, நேரம் குறித்துவைத்திருந்த ஏட்டைப் புரட்டிப் பார்த்தான். ஒன்று பாக்கியில்லாமல் எல்லாம் மத்தியானம் இரண்டு மணிக்கு மேல் போட்டவை. பஞ்சு பிரஸ் ஓடின நேரம். அவற்றில் இரண்டு, கப்பலும் சேர்ந்து ஊதின நேரம். காதுள்ளவருக்கு மணி கேட்கவில்லை.

அவன் அதைச் சொல்லத்தான் வேண்டுமா என்று ஒரு கணம் தயங்கினான். ஞானையாவே சொல்லிவிட்டார். கண்ணாடியை மாட்டிக்கொண்டு, முதல் தடவையாக அதன் வழியாகவே ஜக்கரிய்யாவைப் பார்த்து, உதடு தெரியும்படி நிதானமாகப் பேசினார்.

"பதினெட்டு வருஷமா இந்த மணியை நம்பி ஓட்டிட்டேன்வே. எத்தனை கடல்ல எத்தனை படி கட்டியிருக்கேனோ, கர்த்தருக்குத்தான் தெரியும். எம் மிஷினுக்கும் ஒரு சங்கு கட்டித் தாரும்."

ஜக்கரிய்யா எல்லாவற்றையும் படித்துக்கொண்டார். ஆனாலும், "என்ன சொன்னீங்க அண்ணாச்சி? கேக்கலையே," என்றார்.

ஞானையா மறுபடியும் சொன்னார், இந்தத் தடவை சத்தமாக. என்ஜினீயர் சிரித்துக்கொண்டே பேனாவை எடுத்தார்.

அன்று மாலை ஜக்கரிய்யா வீட்டுக்குப் போனபோது முத்து பீவி வாசலில் நின்றாள். கேட்கவில்லை, முகத்தைப் பார்த்தாள். உள்ளே போய் அரிவாளை எடுத்துக்கொண்டு கொல்லைக்குப் போனாள். கம்பளியைச் சுருட்டித் தோளில் போட்டுக்கொண்டு, கயிற்றை மூன்று துண்டாக வெட்டி, கிணற்று வாளிக்கு ஒன்றும் ஆட்டுக்கு ஒன்றும் எடுத்துக்கொண்டாள். மூன்றாவது துண்டில் கடைக்குட்டிக்கு ஊஞ்சல் கட்டினாள்.

இப்போது 1949 ஐப்பசி. வரைபடம் முடிந்து அளவை ஆபீஸை மூடிவிட்டார்கள். ஜக்கரிய்யா துறைமுகத்தில் நிரந்தரக் கம்ப்யூட்டராக இருக்கிறார். வருகைப் பதிவேட்டில் அப்படித்தான் எழுதியிருக்கிறது. குடும்பத்தோடு தூத்துக்குடி மில்லர்புரத்தில் குடியிருக்கிறார். அளவை ஆபீசிலிருந்து துறைமுகத்துக்கு வந்த மூன்று மிஷினிலும் சங்குச் சில்லு இருக்கிறது. நூல் மாதத்துக்கு ஒரு தடவை அறுகிறது, அவரே கட்டிக்கொள்கிறார்.